அம்மாவின் பிரஷருக்கு நான் காரணம் இல்லை

கிளினிக்கில் அம்மாவின் பிரஷரை நூற்று எண்பத்தாறுக்கு நூற்றுப் பத்து என்று எழுதிக் கொடுத்த அன்று பின்னேரமே பெரியம்மா அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். காரணம் நான்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. சம்பூரில் இருக்கிறார். போனில் செய்தி போனதும் அடுத்த பஸ் பிடித்துப் பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். முன்னறைக் கதிரையில் இருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடித்த பிறகு, அம்மாவிடம் பேசுவது போல என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இருபத்தொன்பது வயசுப் பிள்ளையை வீட்டில வச்சுக்கொண்டு எந்தத் தாய்க்குப் பிரஷர் இறங்கும்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன பெரியம்மா?"

"என்னவோ? அவள் இரவு பகலா உன்னைத்தான் யோசிக்கிறாள். நரம்பெல்லாம் இறுகிப்போகும் பிள்ளை."

வவுனியாவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெரியம்மா கொண்டுவந்ததுதான். அரசாங்க உத்தியோகம், ஒரே மகன், நல்ல குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நான் வேலையை விட்டுவிட்டு வவுனியாவுக்கு வர வேண்டும். ஆடி மாதத்தில் கலியாணப் பேச்சு எடுப்பதில்லை என்பதால், ஆவணி பிறந்ததும் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த தவணை அந்த ஆடி மாதம்தான்.

என் வேலை துறைமுகத்தை ஒட்டியிருக்கும் ஒரு வேலைத்தளத்தில். கொதிகலன்களிலும் காற்றமுக்க இயந்திரங்களிலும் பூட்டியிருக்கும், அமுக்கம் காட்டும் கேஜ்களைக் கழற்றி, சரியான கேஜ் ஒன்றோடு ஒப்பிட்டு, பிழையாகக் காட்டுவதைத் திருத்தி, திருத்த முடியாததை ஒதுக்கி, மிச்சத்துக்குத் திகதி எழுதிய துண்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அந்தத் துண்டில் என் கையெழுத்து மட்டும் போதும் என்ற நிலைக்கு வர ஆறு வருடம் எடுத்தது. பெரியம்மாவுக்கு அது "ஆம்பிளையளோட நிண்டு இரும்பு கழட்டுற வேலை".

பெரியம்மாவின் பேச்சைவிட அம்மாவின் மௌனம்தான் எனக்கு உறைத்தது. அம்மா முன்பள்ளி ஆசிரியை. முப்பது சின்னப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் ஒரு வரிசையில் இருத்தக்கூடியவர். அப்பா தவறிப்போய் ஏழு வருடமாக வீட்டின் எல்லா முடிவையும் தானே எடுத்தவர். அன்று மட்டும் சேலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை.

நான் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. வேலைத்தளக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒரு பட்டியல் எழுதினேன். அம்மாவின் பிரஷருக்கு இருக்கக்கூடிய காரணங்கள். ஒன்று, வயதும் பரம்பரையும். அம்மாவின் அப்பா பாரிசவாதத்தில் விழுந்தவர். இரண்டு, உப்பு. மூன்று, உடம்பு நிறையும் நடை இல்லாமையும். நான்கு, சிறுநீரகம், தைரொயிட் போல இரத்தம் சோதித்தால் மட்டும் தெரியக்கூடியவை. ஐந்து, வேறு மருந்துகள். ஆறு, அளவே பிழையாக இருப்பது. ஏழு, நான்.

ஏழாவதை எழுதப் பேனை தயங்கவில்லை. பார்க்காமல் ஒன்றை வெட்டுவது என் தொழிலில் கிடையாது.

ஆறில் இருந்து தொடங்கினேன். ஒரு கேஜ் கூடுதலாகக் காட்டினால், கொதிகலன் வெடிக்கப் போகிறது என்று ஓடுவதற்கு முதல், கேஜ் சரியா என்று பார்ப்போம். ஒரு பிரஷர் மிசின் வாங்கினேன். அதனுடன் வந்த கைப்பட்டி அம்மாவின் மேற்கையைச் சுற்றிப் போதவில்லை. இறுகலான பட்டி உள்ளதைவிடக் கூடக் காட்டும். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் பெரிய பட்டி மாற்றினேன். பிறகு அம்மாவுக்குச் சட்டங்கள் சொன்னேன்: முதுகைச் சாய்த்து இருக்க வேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசையில் இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் கதைக்கக் கூடாது.

"கதைக்காதேங்கோ அம்மா."

"நான் எங்க கதைச்சனான்? நீதான் கதைக்கிறாய்."

"இப்பவும் கதைக்கிறீங்கள்."

"அஞ்சு நிமிசம் வாயை மூடிக்கொண்டிருந்தா எனக்கு அதுக்கே பிரஷர் ஏறும் பிள்ளை."

காலையும் பின்னேரமும் இப்படி மூன்றரைக் கிழமை, இருபத்தைந்து நாள், அளந்தேன். நூற்று நாற்பத்தெட்டு, நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று ஐம்பத்தாறு. கூடுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் நூற்று எண்பத்தாறு ஒரு நாளும் வரவில்லை. அதே நாட்களில் அம்மாவுக்கு அடிக்கடி தலைசுற்றியது. பாயில் இருந்து எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். வெளியே போனால் முகத்தில் அடுப்புச் சூடு அடிக்கும். "இந்தக் கச்சானுக்கு ஆருக்குத்தான் தலை சுத்தாது" என்று அம்மா சொல்லிவிட்டு, இரவு போட வேண்டிய பிரஷர் மருந்துக் குளிசையை மேசையிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். கேட்டால், "அது கூடிப்போச்சு போல, காலமை போட்ட ஒண்டே காணும்" என்பார்.

கிளினிக்கில் ஏன் அவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, அடுத்த தவணைக்கு நான் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனேன். புறப்படும்போது குளிசைப் பை மேசையில் கிடந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

"வந்து போடுறன்."

"ஏன்? காலமைக் குளிசை காலமைதானே."

"கிளினிக் அண்டைக்குப் போடுறதில்லை."

ஏன் என்று கேட்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் வரிசையாக இருந்த நீள வாங்கில் நம்பர் துண்டோடு இருந்தபோது மறுபடியும் கேட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல அம்மா விளக்கினார்.

"குளிசையைப் போட்டுட்டு வந்தா டொக்டருக்கு உண்மையான பிரஷர் எப்பிடித் தெரியும்?"

நான் அம்மாவின் பக்கம் முழுதாகத் திரும்பினேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் பெண்மணி எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து உதவிக்கு வந்தார்.

"ஓம் மகள், உம்மா சொல்றது சரி. நானும் போடல்ல. மருந்தோட வந்தா அது மருந்துட பிரஷர். நம்மட பிரஷர் இல்லையே."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"ஆரும் சொல்லோணுமா? சீனி பாக்கிற அண்டைக்கு வெறும் வயித்தோட வரச் சொல்றாங்க தானே. அப்பிடித்தான் இதுவும்."

அந்த வாங்கில் இருந்த பதினொரு பேரிடம் கேட்டேன். ஒன்பது பேர் குளிசை போடாமல் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஏமாற்ற நினைக்கவில்லை. டொக்டரிடம் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த காரியம் அது. அங்கே இருந்துகொண்டே கொப்பியில் வரிசையை எழுதினேன். குளிசை போடாமல் வருகிறார், ஏறிக் காட்டுகிறது. டொக்டர் மருந்தைக் கூட்டுகிறார். வீட்டில் கூட்டிய மருந்தைப் போட, தலை சுற்றுகிறது. பழி கச்சானுக்குப் போகிறது, இரவுக் குளிசை மேசையில் கிடக்கிறது. அடுத்த மாதம் மறுபடியும் குளிசை போடாமல் வருகிறார். கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். அந்த வருடத்துக்குள் மூன்று முறை மருந்தைக் கூட்டியிருந்தார்கள்.

டொக்டர் என் வயதுக்காரர். வெளியே நிற்கும் கூட்டத்தின் அளவு அவர் முகத்தில் தெரிந்தது. நான் சொல்லத் தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் நேர்ஸா?"

"இல்லை டொக்டர். கேஜ் பாக்கிற ஆள்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கொப்பியை வாங்கினார். வீட்டு அளவுகளை ஒன்றொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"குளிசை போடாமலா வந்தனீங்கள்?"

"ஓம் டொக்டர். உங்களுக்கு உண்மை தெரிய வேணுமே."

"அம்மா, நான் பாக்க வேண்டியது என்ர மருந்து வேலை செய்யுதா எண்டு. போடாம வந்தா எனக்கு என்னத்தைத் தெரியும்?" பிறகு பேனையை எடுத்தார். "வேற ஏதும் குளிசை போடுறீங்களா?"

"இல்லை."

இதே கேள்வியை நானும் முதல் நாளே கேட்டிருந்தேன். எனக்கும் இதே பதில்தான். அதை நம்பி ஐந்தாவது காரணத்தை வெட்டியும் இருந்தேன். ஆனால் அம்மா கதிரையில் இருந்த விதத்தை டொக்டர் பார்த்திருக்கிறார். மேசையில் கையை ஊன்றித்தான் அம்மா அமர்ந்தார்.

"முழங்கால் நோவோ?"

"அது இருக்குது. பிள்ளையளோட நிலத்தில இருந்து எழும்புறது தானே."

"அதுக்கு என்ன போடுறீங்கள்?"

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு குளிசை மட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிக்குளிசை. காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. தைப்பொங்கலில் இருந்து.

"அம்மா, நான் கேட்டனான்தானே!" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நீ நோய் வருத்தத்துக்குப் போடுற குளிசையை எல்லோ கேட்டனீ. இது நோவுக்கு."

இந்த வகை வலிக்குளிசை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், நாட்கணக்கில் போட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று டொக்டர் விளக்கினார். அதை நிறுத்தி, நோவு கூடும்போது மட்டும் பரசிட்டமோல் போடச் சொன்னார். முழங்காலுக்குப் பயிற்சி காட்டும் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதினார். சிறுநீரகத்துக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். பிரஷர் குளிசையைக் கூட்டவில்லை. ஒவ்வொரு நாளும், கிளினிக் நாளும் உட்பட, தவறாமல் போட வேண்டும் என்று சொல்லி அம்மாவைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

எழும்பும்போது நான் ஒன்று கேட்டேன். "யோசிக்கிறதால பிரஷர் வருமா டொக்டர்?"

"யோசிச்சா அந்த நேரம் ஏறும், பிறகு இறங்கும். நாள்பட்ட பிரஷருக்கு இதுதான் காரணம் எண்டு ஒண்டைக் காட்ட ஏலாது. வயசு, பரம்பரை, உப்பு, எல்லாம் சேரும்."

அதை அப்படியே எழுதி அடிக்கோடு போட்டேன்.

அடுத்த பத்து நாள் எங்கள் குசினியில் யுத்தம். கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் வெளியே போயின. அம்மா ஒருநாள் சொதியை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதைக் குடிச்சுக்கொண்டு நூறு வயசு வரைக்கும் இருக்கச் சொல்லுறியோ? அது தண்டனை பிள்ளை."

ஆனால் குடித்தார். வலிக்குளிசையை நிறுத்தினார். முழங்கால் நோவோடு தினமும் காலையில் ஒழுங்கை முனை வரைக்கும் என்னோடு நடந்தார். நோகாமல் இல்லை, சத்தமாகவே நொந்துகொண்டார். இரவுக் குளிசை தவறவில்லை. சோதனைகளில் சிறுநீரகமும் தைரொயிட்டும் சரி என்று வந்தது. எண்கள் மெல்ல இறங்கின. நூற்று நாற்பத்திரண்டு, நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தாறு. நான் அடிமட்டம் வைத்து ஏழாவது காரணத்தை ஒரே கோட்டில் வெட்டினேன். பெரியம்மா வரட்டும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையோடு காத்திருந்தேன்.

ஆவணி முதல் வெள்ளி பெரியம்மா வந்தார். அன்று காலை அளவு நூற்று ஐம்பத்தெட்டு.

ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதல் நாள் ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டதாக இருக்கலாம். முழங்கால் நோவாக இருக்கலாம். அக்கா வருகிறார் என்று அம்மா நித்திரை கொள்ளாமல் கிடந்ததாகவும் இருக்கலாம். இருந்ததைத்தான் எழுத வேண்டும், எழுதினேன். மேசையில் திறந்தபடி கிடந்த கொப்பியைப் பெரியம்மா எடுத்தார்.

"இந்தா, நூற்று அம்பத்தெட்டு. இண்டைக்குத்தான். பாத்தியே? நீ பதில் சொல்லாம இழுக்க இழுக்க ஏறுது."

வாயைத் திறந்தேன். வலிக்குளிசை, கைப்பட்டி, கிளினிக் நாள், உப்பு என்று எல்லா விளக்கமும் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தேன், அது சரி. கூடவே, பெரியம்மா போட்ட வழக்கை ஏற்றுக்கொண்டு, நான் குற்றவாளி இல்லை என்பதற்குச் சாட்சியும் சேர்த்துக்கொண்டிருந்தேன். எண் இறங்கினால் எனக்கு விடுதலை என்று ஒப்புக்கொண்டவள், எண் ஏறினால் தண்டனைக்கும் ஒப்புக்கொண்டவள்தான்.

கொப்பியைப் பெரியம்மாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினேன்.

"நூற்று அம்பத்தெட்டுத்தான் பெரியம்மா. நாளைக்கு நூற்றுத் தொண்ணூறு ஆனாலும் என்ர பதில் இல்லை எண்டுதான். நூற்று இருபது ஆனாலும் இல்லை எண்டுதான். நான் வேலையை விடமாட்டன். வவுனியாவுக்குப் போகமாட்டன். அம்மாவுக்கு ஏறினா நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவன். அதுக்காகக் கலியாணம் கட்டமாட்டன்."

"கேட்டியே இவளின்ர கதையை?" பெரியம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார். "பெத்த தாய் விழுந்து கிடந்தாலும் பரவாயில்லையாம். நீ சொல்லு. நீதான் தாய்."

அம்மா அன்றைக்குப் போலவே நிலத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு டொக்டர் தந்த மருந்து குளிசை, அக்கா. பிள்ளையைக் கரைச்சுக் குடிக்கச் சொல்லேல்லை."

"என்னடி கதைக்கிறாய்!"

"என்ர பிரஷர் என்னோட இருக்கட்டும். அதை வச்சு ஒருத்தரும் கலியாணம் பேச வேண்டாம். அவளுக்கு எப்ப மனம் வருதோ, ஆரில மனம் வருதோ, அவள் சொல்லட்டும். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். எனக்கும் ஒரு ஆசை இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்."

பெரியம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "நான் சண்டை நேரம் செல்லடிக்குள்ளால ஓடினனான். முகாமில வருசக்கணக்கா கிடந்தனான். எனக்குப் பிரஷர் வந்ததே? வரேல்லை. ஏன்? என்ர மூண்டு பொம்பிளைப் பிள்ளையளையும் நேரகாலத்துக்குக் கட்டிக் குடுத்திட்டன்."

"எப்ப அளந்து பாத்தனீங்கள்?" அம்மா கேட்டார்.

"இல்லாததை என்னத்துக்கு அளக்கிறது?"

"கையை நீட்டுங்கோ அக்கா."

அந்த மிசினை நான் தொடவே இல்லை. அம்மாவே பட்டியைச் சுற்றினார், பாதத்தை நிலத்தில் வைக்கச் சொன்னார், கதைக்க வேண்டாம் என்று விரலைக் காட்டினார். நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்று நான்கு.

"மிசின் பிழை."

அம்மா என்னைப் பார்த்தார். "மிசின் சரி, பெரியம்மா. கிளினிக் அண்டைக்கு ஆஸ்பத்திரி மிசினோட ஒப்பிட்டுப் பாத்தனான்" என்றேன். எனக்குள் எழும்பிய சிரிப்பை முழுக்க அடக்கவில்லை. ஐந்து நிமிடம் விட்டு அம்மா மறுபடி அளந்தார். நூற்று அறுபத்தெட்டு.

பெரியம்மா பட்டி சுற்றியிருந்த கையைப் பார்த்தார். "என்ர மூண்டு பேரும் நல்லாத்தானே இருக்கினம்" என்று யாருக்கோ பதில் சொல்வது போல மெல்லச் சொன்னார். அந்த நேரம் என் சிரிப்புப் போய்விட்டது. எனக்கு வந்த குற்றப்பத்திரத்தை அவர் தனக்கே எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பிரஷர் ஆரை நினைச்சு வந்தது, எந்தப் பிள்ளையால் வந்தது என்று.

பின்னேர பஸ்ஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் வவுனியாக்காரருக்கு என்ன சொல்வது என்று கேட்டார்.

"இல்லை எண்டு சொல்லுங்கோ. காரணம் கேட்டா, பிள்ளைக்கு விருப்பம் இல்லையாம் எண்டு சொல்லுங்கோ. அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு சொல்லாதேங்கோ."

"அப்பிடிச் சொன்னா மரியாதையா இருக்குமோ?"

"எனக்கு அதுதான் மரியாதை."

பெரியம்மா பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்துகொண்டு, சம்பூருக்குக் கிட்ட இருக்கும் மூதூர் ஆஸ்பத்திரியில் கிளினிக் எந்த நாள் என்று மட்டும் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் சொன்னேன்.

இப்போது அம்மாவின் எண்களை நான் எழுதுவதில்லை. அம்மாவே அளந்து, தன் சொந்தக் கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குத் தானே கொண்டுபோகிறார். சில நாள் கூடுகிறது, சில நாள் குறைகிறது. இன்று காலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. குறைவு என்று எழுதினால், பார், அவள் சொன்னது சரி என்பார்கள். கூடுதல் என்று எழுதினால், பார், அவளால்தான் என்பார்கள். எனக்கு இரண்டு தீர்ப்பும் வேண்டாம். நாளைக்குக் காலை ஏழரைக்கு எனக்கு வேலை.